எண் கொடுக்கும் மரம்: லினக்ஸில் ஐடிஆர் பிறந்த கதை

ஒரு புரோகிராம் லினக்ஸ் கெர்னலிடம் டைமர் ஒன்று கேட்கிறது. கெர்னல் தன் மெமரியில் அதை உருவாக்குகிறது. அது இருக்கும் முகவரியை அப்படியே வெளியே கொடுத்துவிட முடியாது. அதனால் ஒரு சின்ன எண்ணைக் கொடுக்கிறது. பிறகு புரோகிராம் அந்த எண்ணோடு திரும்பி வரும்போது உரிய டைமரை நொடியும் தாமதிக்காமல் எடுத்துத் தர வேண்டும். டைமர் முடிந்ததும் எண்ணை வாங்கி வைத்து, அடுத்து கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். கெர்னலுக்குள் இந்தத் தேவை இல்லாத இடமே இல்லை. 2002 வரை ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்.

அந்த வழிகள் எவ்வளவு மோசமாகலாம் என்பதற்கு 2.4 கெர்னல் பிராசஸ்களுக்கு எண் கொடுத்த முறையைப் பார்த்தால் போதும். கடைசியாகக் கொடுத்த எண்ணோடு ஒன்றைக் கூட்டும். அந்த எண் யாரிடமாவது இருக்கிறதா என்று ஓடிக்கொண்டிருக்கும் எல்லா பிராசஸ்களையும் வரிசையாகப் பார்க்கும். இருந்தால் அடுத்த எண்ணுக்குப் போகும். சில நூறு பிராசஸ்கள் இருந்தவரை இது யாருக்கும் உறுத்தவில்லை. லினக்ஸில் த்ரெட்டுக்கும் இதே எண்தான். ஒரே மெஷினில் லட்சம் த்ரெட் ஓட்டும் ஆசை வந்தபோது இந்தத் தேடல் கழுத்தைப் பிடித்தது. இங்கோ மோல்னாரும் வில்லியம் இர்வினும் 2002-ல் அதை எடுத்துவிட்டு, ஒரு எண்ணுக்கு ஒரு பிட் என்று பிட்மேப் வைத்தார்கள். பிராசஸுக்கு மட்டும் விடிவு கிடைத்தது.

டைமருக்கு வேறு ஒருவர் வழி கண்டார்; அதன் பெயர்தான் ஐடிஆர். ஐடிஆர் கோடின் தலைப்புக் குறிப்பில் 2002 அக்டோபர் 18 என்று தேதி இருக்கிறது. எழுதியவர் கன்கரன்ட் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷனைச் சேர்ந்த ஜிம் ஹூஸ்டன். போசிக்ஸ் டைமர் வேலையை முன்னெடுத்த ஜார்ஜ் ஆன்சிங்கர், திரும்பி வந்த எண்ணை உடனே மறுபடி கொடுக்கும்படி அதை மாற்றினார். 2003-ல் போசிக்ஸ் டைமரோடு சேர்ந்து அது 2.5 கெர்னலுக்குள் வந்தது.

ஹூஸ்டன் செய்தது ஒரு மரம். 32 பிட் மெஷினில் ஒவ்வொரு கணுவிலும் 32 கிளை, 64 பிட் மெஷினில் 64. கணுவோடு ஒரு பிட்மேப்பும் உண்டு. பிட் 0 என்றால் அந்தக் கிளைக்குக் கீழே எங்கோ இடம் இருக்கிறது. 1 என்றால் அங்கே நிரம்பிவிட்டது. பெரிய லாட்ஜில் மாடிக்கு மாடி ‘நிரம்பியது’ பலகை மாட்டியிருந்தால் ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா, அதேதான். பிட்மேப்பில் முதல் 0 எங்கே என்று கண்டுபிடிக்க சிபியுவிலேயே அதற்கான கட்டளை உண்டு. 31 பிட் எண்கள், அதாவது 200 கோடிக்கும் மேல். அவற்றில் காலியான மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிக்க 32 கிளை மரத்தில் அதிகபட்சம் ஏழே கணு பார்த்தால் போதும். பத்து இருபது எண் மட்டும் தேவைப்படும் இடத்தில் மரம் ஒரே கணுவோடு நின்றுவிடும். அதே மரத்தில் இறங்கினால் எண்ணுக்குரிய பாயிண்டரும் கிடைத்துவிடுகிறது.

இது அழகான கோடு. ஆனால் இந்தக் கதையில் என்னை இழுத்தது மரம் அல்ல. எண் தேடும் முறை ஏறக்குறைய முதல் நாளே சரியாக அமைந்துவிட்டது. அதைக் கூப்பிடுகிறவர் தப்புச் செய்ய முடியாதபடி ஆக்கத்தான் பதினாறு ஆண்டு பிடித்தது.

சிக்கல் மெமரியில் இருந்தது. மரம் வளரப் புதுக் கணு வேண்டும், கணுவுக்கு மெமரி வேண்டும். மெமரி கேட்டால் கெர்னல் சில சமயம் தூங்கிக் காத்திருக்க நேரும். மரத்தைக் காக்கும் ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. லாக் இல்லாமல் மரத்தைத் தொடவும் கூடாது. ஹூஸ்டனின் தீர்வு இரண்டு படி: லாக் எடுக்கும் முன்பே கணுக்களைக் கேட்டு வாங்கி ஐடிஆருக்குள் சேமித்து வை, பிறகு லாக் எடுத்து எண்ணைக் கேள். ஆனால் இந்த இரண்டு படிக்கும் இடையில் இன்னொரு சிபியு வந்து சேமித்ததைத் தின்றுவிடலாம். அப்போது ‘மறுபடி முயற்சி செய்’ என்ற பிழை திரும்பும். லாக்கை விட்டு, முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

இந்தச் சுற்றை ஐடிஆரைப் பயன்படுத்திய ஒவ்வொரு டிரைவரும் தன் கையால் எழுத வேண்டியிருந்தது. ஒரு டிரைவரை ரிவ்யூ செய்கிறவர் எவ்வளவு பார்க்க வேண்டும் என்று யோசியுங்கள்: பிழை வந்தால் சுற்றுகிறதா, சுற்றும் முன் லாக்கை விட்டதா, மெமரி இல்லை என்பதையும் எண் தீர்ந்தது என்பதையும் வேறு வேறாகக் கையாள்கிறதா? ஒரே பத்து வரி, கெர்னல் முழுக்க, கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக. அதில் ஒன்று தப்பாக இருந்தாலும் மெமரி நெருக்கடி வரும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

டேஜுன் ஹியோ இதை இரண்டு தடவை தொட்டார். 2007-ல் ஐடிஏ: பாயிண்டர் வேண்டாம், எண் மட்டும் போதும் என்பவர்களுக்கு எண்ணுக்கு ஒரு பிட் செலவு. எஸ்டிஏ, எஸ்டிபி என்று டிஸ்குகளுக்கு வரிசையாகப் பெயர் வைக்கும் எண் இங்கிருந்துதான் வருகிறது. 2013-ல் 3.9 கெர்னலில் அவர் இரண்டு படியையும் மாற்றினார். முன்கூட்டி வாங்கும் கணுக்களை ஐடிஆரில் வைக்காமல் அந்தந்த சிபியுவின் சேமிப்பில் வைத்து, வேலை முடியும்வரை வேறு எந்தப் பணியும் அந்த சிபியுவைப் பிடுங்கிக்கொள்ளாதபடி நிறுத்திவைத்தார். இடையில் புகுந்து தின்ன ஆளில்லை. சுற்றும் போயிற்று.

2017-ல் மேத்யூ வில்காக்ஸ் ஒரு கேள்வியை எழுப்பியது போலத்தான் எனக்குப் படுகிறது: கெர்னலில் ஏற்கனவே ரேடிக்ஸ் மரம் இருக்கும்போது இன்னொரு மரம் எதற்கு? கோப்புப் பக்கங்களை வைத்திருக்கும் அந்த மரத்தில், டிஸ்கில் எழுதப்படாத பக்கங்களை விரைவாகத் தேடுவதற்கென்று ஒவ்வொரு கணுவிலும் அடையாள பிட்கள் இருந்தன. அதே அடையாளத்தை ‘இங்கே காலி’ என்று வாசிக்கச் செய்தார். எழுதப்படாத பக்கம் தேடிய கோடு காலி எண்ணைத் தேடத் தொடங்கியது. ஹூஸ்டன் எழுதிய மரம் போய்விட்டது, ஐடிஆர் என்ற பெயர் நின்றது.

அதே ஆண்டு பிராசஸ் எண்ணும் இங்கே வந்து சேர்ந்தது. அவுட்ரீச்சி பயிற்சியில் இருந்த கார்கி சர்மா, மோல்னார் இர்வின் பிட்மேப்பை எடுத்துவிட்டு ஐடிஆரை வைத்தார், 4.15-ல் சேர்ந்தது. பிராசஸ் எண்ணை உடனே மறுபடி கொடுக்கக் கூடாது. பழைய எண்ணைக் கையில் வைத்திருக்கும் ஸ்கிரிப்ட் வேறு யாரையோ கொன்றுவிடும். எனவே எண் ஏறிக்கொண்டே போய், உச்சத்தைத் தொட்டதும் 300-லிருந்து மறுபடி தொடங்குகிறது.

அந்தக் கோடில் ஒரு வரியை ரிவ்யூ செய்யும் எவரும் நின்று பார்க்க வேண்டும். எண்ணை வாங்கும்போது அதோடு வைக்கும் பாயிண்டர் வெறும் ‘நல்’, அதாவது எதையும் சுட்டாத வெற்று மதிப்பு. பிராசஸின் விவரமெல்லாம் நிரப்பி முடிந்த பிறகே நல்லை எடுத்துவிட்டு உண்மையான பாயிண்டரை வைக்கிறார்கள். ஏன்? எண் மரத்தில் ஏறிய கணத்திலிருந்து வேறு சிபியு அதைத் தேடலாம். முன்பே பாயிண்டர் இருந்தால் பாதி கட்டிய பொருள் அதன் கையில் போய்விடும். நல் இருந்தால் ‘இல்லை’ என்று திரும்பிவிடும். எண் ஒதுக்கும் கோடு எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: எண் எப்போது பிறக்கிறது, பொருள் எப்போது வெளியே தெரிகிறது?

இன்னொரு பொறி எல்லை. ஐடிஏவின் பழைய முறையில் நீங்கள் கொடுக்கும் கடைசி எண் கணக்கில் சேராது. வில்காக்ஸ் 2018-ல் கொண்டுவந்த புதிய முறையில் அது சேரும். பழையதை மாற்றுகிறவர் ஒன்றைக் கழிக்க மறந்தால் எல்லையைத் தாண்டிய ஓர் எண் வெளியே போகும். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம், எந்த டெஸ்டிலும் எளிதில் சிக்காது.

அந்த ஆண்டு டிசம்பரில் 4.20 வந்தது, அதோடு வில்காக்ஸின் எக்ஸ்அரே. புதிய கோடுக்கு ஐடிஆர் வேண்டாம், இதைப் பயன்படுத்துங்கள் என்று கெர்னல் ஆவணமே இப்போது சொல்கிறது. எக்ஸ்அரே தன் லாக்கைத் தானே எடுக்கிறது. தூங்க அனுமதி உள்ள இடத்தில் கணு போதவில்லை என்றால் தானே லாக்கை விட்டு, மெமரி வாங்கி, திரும்ப லாக் எடுத்து, மறுபடி முயல்கிறது. டிரைவர்கள் தோறும் எழுதப்பட்ட அந்தப் பத்து வரி இப்போது ஒரே கோப்பில், ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது.