எருக்கு

சித்திரை வைகாசி வெயிலில் ஏரிமண் பாளம் பாளமாக வெடித்து, அறுகம்புல்லும் கருகிப்போன காலத்தில், பாழ்நிலத்திலும் சுடுகாட்டோரத்திலும் கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கும் எருக்கஞ்செடியை நம் ஜனங்கள் பெரும்பாலும் அவமதித்தே வந்திருக்கிறார்கள்; ஒருவனுடைய குடி கெடவேண்டும் என்று சபிப்பவர்கள், அவன் வீட்டில் எருக்கு முளைக்கட்டும் என்பார்கள். ஆழ இறங்கும் வேரும், இலைமேல் வெண்பொடியாகப் படிந்த மெழுகும், கால்நடைகள் வாய்வைக்க அஞ்சும் நச்சுப்பாலுமே அது கோடையைக் கடக்கும் சாதனங்கள்.

இதன் பெயர், ‘அர்க்க’ என்னும் சம்ஸ்கிருதச் சொல்லின் திரிபு என்பாருண்டு. வடமொழியில் அச்சொல் சூரியனுக்கும் இச்செடிக்கும் பொதுவானது என்பதும், ரதசப்தமியன்று எருக்கிலையைத் தலையில் வைத்து ஸ்நானம் செய்வது அந்தச் சம்பந்தம் பற்றியே என்பதும் மெய்தான். ஆயினும், அச்சொல்லைத் தமிழ் ஏற்றுக்கொண்டபோது, கதிரவனை ‘அருக்கன்’ என்றும் செடியை ‘அருக்கம்’ என்றும் முதல் அகரத்தைப் பேணியே வழங்கியிருக்க, அதற்குப் புறம்பாக ‘எருக்கு’ என்றொரு வடிவம் எகரத்தோடு நிலைபெற்றிருப்பதற்கு அவர்கள் தக்க சமாதானம் கூறவில்லை. மலையாளத்தார் ‘எருக்கு’, ‘எரிக்கு’ என்கிறார்கள். கன்னடத்தார் ‘எக்க’ என்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்த டச்சு அதிகாரி வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் லத்தீன் நூலிலும் இந்தத் தென்னாட்டுப் பெயரே ஏறியிருக்கிறது. ஆதலின் எருக்கு தென்மொழிகளுக்கே உரிய சொல் என்பது என் துணிபு.

அதன் தொன்மைக்குச் சங்க நூல்கள் சான்று. காதல் கைகூடாத தலைவன் பனைமடலாற் செய்த குதிரையேறி ஊரறிய வரத் துணியும்போது சூடுவது எருக்கங் கண்ணியே. நாணத்தைத் துறந்தவனுக்கு ஊரார் துறந்த பூவை அணிவித்த புலவர்களின் நுண்ணுணர்வு வியக்கத்தக்கது. கபிலரோ, பாரியைப் பாடும் புறநானூற்றுச் செய்யுள் ஒன்றில் (106), நல்லதென்றும் தீயதென்றும் எண்ணப்படாத எருக்கையும், ஒருவர் அன்போடு இட்டால், தெய்வங்கள் வேண்டாமென்பதில்லை என்று கூறி, எளியோரையும் ஏற்கும் பாரியின் வண்மைக்கு அதனை உவமையாக்குகிறார். விநாயக சதுர்த்தியன்று இன்றும் தெருத்தோறும் விற்கும் எருக்கமாலை, அவ்வாக்கின் உண்மையைக் காட்டுகிறது.

இகழ்ந்ததாகச் சொல்லப்படும் இச்செடியை நம் முன்னோர் ஊர்ப்பெயரிலும் வைத்துக்கொண்டார்கள்: சென்னையில் எருக்கஞ்சேரி, சம்பந்தருடன் யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊரோ, வெள்ளெருக்கைத் தலவிருக்ஷமாகக் கொண்ட திருஎருக்கத்தம்புலியூர்.