குடும்பம் முதலில் ஊர் திரும்பினால்... செலவு யாருடையது?

கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கணக்கு. வங்கிக்காரன் வேறென்ன எழுதுவான்? :)

வெளிநாட்டில் பணியாற்றும் அமெரிக்கச் சிப்பாயின் குடும்பத்தை, பணிக்காலம் முடியும் முன்பே ஊருக்கு அனுப்ப எழுதிவைத்த விதிகள் உண்டு. போர் அபாயம், நோய், மணமுறிவு என்று காரணம் ஏற்கப்பட்டால் பயணச் செலவு அரசாங்கத்துடையது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது ஜப்பானிலிருந்து சிப்பாய்களின் குடும்பங்கள் பல அப்படித்தான் கிளம்பின.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மறையூர், குமுளி பக்கமிருந்து வளைகுடாவுக்கு வந்த நம்மவர்களுக்கு? குடும்பத்துக்கு டிக்கெட் என்று வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் நம் பாக்கெட்தான்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. குவைத் தினாரும் ஈராக் தினாரும் ஒரே மதிப்பு என்று அறிவித்தார்கள். வருஷக்கணக்கில் சேர்த்த பணம் காகிதமானது. பஸ் பிடித்து, பாலைவனம் தாண்டி ஜோர்டானின் அம்மான் வந்த நம் ஆட்களை ஏர் இந்தியா மும்பைக்குக் கொண்டுவந்தது. இரண்டே மாதத்தில் 488 விமானப் பயணங்கள். வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பலருக்குத் தெரியாத பகுதி இதற்குப் பிறகுதான். 1991 இல் ஐ.நா. ஒரு இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. அதில் ‘ஏ’ பிரிவு, வெளியேற நேர்ந்தவர்களுக்கானது. தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர். வேறு பிரிவில் கேட்பதில்லை என்றால் 4,000, 8,000. மனுவை அரசாங்கம் வழியாகத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. எவ்வளவு நஷ்டம் என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. எந்தத் தேதியில் வெளியேறினோம் என்பதற்கு ஆதாரம் போதுமாக இருந்தது! ஈராக் இந்த ஆணையத்துக்கான கடைசித் தவணையைக் கட்டியது 2022 இல்.

அடுத்தது போர் இல்லாமலே வந்தது. 2017 ஜூலையில் சவூதி, வெளிநாட்டுத் தொழிலாளரின் குடும்பத்தில் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் போட்டது. வருஷம் 100 கூடி, 2020 இல் 400 ஆனது. மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் 2017 கணக்குக்கு வருஷம் 3,600 ரியால். 2020 கணக்குக்கு 14,400. அதுவும் இகாமா புதுப்பிக்கும்போது முன்கூட்டியே. எத்தனையோ வீடுகளில் மனைவி பிள்ளைகளுக்கு ஃபைனல் எக்ஸிட் அடித்தார்கள். அப்பா மட்டும் பேச்சிலர் ரூமுக்குத் திரும்பினார். இதற்கு எந்த இழப்பீடும் கிடையாது.

சிப்பாய்க்கு விதி துணை. நமக்குக் காகிதம்தான் துணை. அதனால் ஒன்று சொல்கிறேன்: பழைய பாஸ்போர்ட், எக்ஸிட் முத்திரை, சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் டி.சி., வங்கி ஸ்டேட்மென்ட்... எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பிரதி ஊரில் அம்மாவின் பீரோவில் இருக்கட்டும்.