மணல் முற்றத்தில் புல்: கல்முனைக் கரையின் வளவு வரலாறு

அம்பாறை மாவட்டத்தின் தெற்கே உள்ள அறுகம் குடா, புல்லைப் பெயரில் சுமக்கும் ஊர். அதே கரையில் வடக்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் முஸ்லிம் ஊர்களின் பழைய வீட்டு வளவுகளிலோ புல்லுக்கு இடமிருக்கவில்லை. அறுகு முளைத்த முற்றம் என்றால் ஆளில்லாத வீடு என்றுதான் பொருள். இன்று இதே ஊர்களில் புல் பத்தையாக விலைக்கு வருகிறது. அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். முற்றத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்ட ஒன்று, காசு கொடுத்துப் பதிக்கும் பொருளாக எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ரசனை மாறிவிட்டது என்று சொல்லி நகர்வது எளிது. என் பார்வையில் காரணம் ரசனையைவிட நிலத்தில்தான் இருக்கிறது.

கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல்வெளி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. ஊர்கள் நெருங்கி நிற்பது இந்தத் திட்டின்மேல்தான். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, உரத்தையும் பிடித்து வைக்காது. மாரியில் பெய்வது கீழிறங்கி, உப்பு நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. ஊர்க் கிணறுகள் ஆழமில்லாமலே ஊறுவதற்கு இதுவே காரணம். இப்படிப்பட்ட நிலத்தில் மக்கள் கண்ட முற்றம் வெண்மணல் முற்றம். கிடுகு வேலிக்குள் தென்னை, முருங்கை, மருதோன்றி, மிச்சமெல்லாம் மணல்.

அந்த மணலைச் சும்மா கிடந்த மணல் என்று நினைத்துவிடக் கூடாது. ஈர்க்கில் கட்டால் விடியலிலும் அஸருக்குப் பிறகும் கூட்டுவார்கள். சருகு ஒதுங்கும், கோடுகள் வரிவரியாக விழும். கோரையும் நெருஞ்சியும் தலைகாட்டினால் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் முன் புதுமணல் பரப்புவது வழக்கம். பாம்பு வந்தால் தடம் தெரியும், அவித்த நெல்லைப் பாய் விரித்துக் காயவிடலாம், மழை விட்ட அரை மணி நேரத்தில் பிள்ளைகள் இறங்கி விளையாடலாம். இவ்வளவும் உம்மாமாரின், மூத்தம்மாமாரின் உழைப்பு. புற்றரை பராமரிப்பு பற்றி இன்று வழிகாட்டிகள் வருகின்றன. மணல் முற்றத்தின் பராமரிப்பை யாரும் எழுதிவைக்கவில்லை. பெண்கள் செய்த வேலை என்பதால் அது ஒரு கலையாகக் கணக்கில் வரவில்லை என்றே கருதுகிறேன்.

அழகுக்காகப் புல் வளர்க்கும் பழக்கம் இலங்கைக்கு ஆங்கிலேயரோடு வந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் தொடங்கியது. இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் புல்வெட்டும் பொறிக்கு உரிமம் பெற்றது 1830இல். கொழும்பின் காலிமுகத்திடலை ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் மக்கள் உலாவும் வெளியாக்கினார். கிழக்குக் கரையில் அந்தப் பசுமை துரைமாரின் பங்களாக்களையும் வாடிவீடுகளையும் சுற்றியே நின்றது. அதை வெட்டவும் நனைக்கவும் சம்பளத்துக்கு ஆள் இருந்தது. எட்டி நின்று பார்ப்பதற்கான புல் அது. ஊர்க்காரரின் வளவுக்குள் வர அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

இடையில் வளவே சுருங்கியது. இக்கரையில் வீடு பெண்பிள்ளைக்குரியது. மாப்பிள்ளை மனைவி வீட்டில் குடியேறுவார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடியமைப்பை விரிவாக எழுதியிருக்கிறார். மூன்று குமர் இருந்தால் மூன்று வீடு வேண்டும். உம்மாவின் வளவில் மூத்தவளுக்கு ஒரு துண்டு, அடுத்தவளுக்கு ஒரு துண்டு என்று கொடுத்து, கடைசியில் சுவரும் சுவரும் உரசுகின்றன. ஏக்கரில் பேசிய குடும்பங்கள் பேர்ச்சில் பேசத் தொடங்கின. 1977க்குப் பின் வளைகுடா நாடுகளின் உழைப்புக் காசு வந்தபோது கிடுகு வேலி மதிலானது, படலை இரும்புக் கேற்றானது, எஞ்சிய மணலைச் சீமெந்தும் பூட்டுக்கல்லும் மூடின. மணல் முற்றத்தை ஒழித்தது புல் அல்ல, சீமெந்து. புல் வந்தது சீமெந்தின் சூட்டுக்கு மாற்றாகத்தான். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடற்கரை மணலை நினைத்தபடி அள்ளுவதற்குத் தடையானபின், பழைய முற்றத்துக்குத் திரும்பும் வழியும் ஒடுங்கிவிட்டது.

2004 டிசம்பர் 26இன் சுனாமி எல்லாவற்றையும் புரட்டியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். கிழக்கில் கடலோரம் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்த அரசு, பிறகு அதைத் தளர்த்தியது. அதற்குள் பல குடும்பங்கள் மேற்கே, கிரவல் போட்டு நிரப்பிய வயல் நிலத்தில் எழுந்த வீட்டுத் திட்டங்களுக்கு நகர்ந்துவிட்டன. அந்த மண் வேறு. தண்ணீர் தேங்கும், காய்ந்தால் வெடிக்கும், களை காடாக எழும். ஈர்க்கில் கட்டுக்கு அங்கே வேலையில்லை. வெறுந்தரை சேறாவதைத் தடுக்கப் புல் ஒரு வசதியான வழி. கைவிடப்பட்ட கடலோரத்திலோ இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் யாரும் நடாமலே படர்ந்து மணலைப் பிடித்துக்கொண்டன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் பழமொழி.

பசும்புல்லை அன்றாடக் காட்சியாக்கியதில் பொது நிறுவனங்களுக்கும் பங்குண்டு. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஒலுவில் வளாகத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, கட்டடத்தைச் சுற்றிப் பசும்புல் இருப்பது இயல்பு. கல்யாண மண்டபங்களும் விடுதிகளும் அந்தக் காட்சியைப் படப்பிடிப்புக்குரிய பின்புலமாக்கின.

இப்போது அதிகம் பதிப்பது மலேசியன் புல் என்று விற்கப்படும் அகன்ற இலைப் புல். நிழலைத் தாங்கும், ஈரம் குறைந்தால் தாங்காது. வைகாசி முதல் வீசும் கச்சான் காற்றில் அதன் இலை நுனி கருகிவிடுகிறது. கணக்குப் பார்ப்போம். நான்கு பேர்ச் என்பது ஏறக்குறைய 100 சதுர மீற்றர். நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் என்றாலும் 500 லீற்றர் போகும். மணலில் யூரியா போட்டால் அதில் ஒரு பகுதி வேருக்கு எட்டாமல் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு இறங்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது வயலுக்கே யூரியா இல்லாமல் கமக்காரர் தவித்தார்கள். முற்றத்துப் புல்லுக்கும் அதே உரம்தான் தேவை என்பதை அப்போது யாரும் பேசவில்லை.

தண்ணீர்ச் செலவுக்குப் பயந்தவர்கள் பிளாஸ்டிக் புல் விரிக்கிறார்கள். நண்பகலில் அதன்மேல் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள்.

ஊருக்குள் புல்லுக்குப் பழைய மதிப்பு இருந்த இடம் ஒன்றுண்டு: மையவாடி. இரு கப்ருகளின்மேல் நபிகளார் பச்சை ஈச்ச மட்டையைப் பிளந்து நட்ட ஹதீஸை ஒட்டி, கப்ரில் பச்சைக் கிளை ஊன்றுவது இக்கரையின் வழக்கம். சிரமதானத்தில் பற்றை வெட்டினாலும், மீஸான் பலகைகளுக்கிடையே அறுகு திரும்பத் திரும்பத் தளிர்க்கிறது. யாரும் நீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை. மாரியில் பச்சை, கச்சானில் மஞ்சள், மறுபடி மாரியில் பச்சை.

புற்றரை வேண்டும் என்போர் இதைக் கவனிக்கலாம். வெயில் படும் இடத்துக்கு அறுகு போதும். அது உப்புக் காற்றையும் வரட்சியையும் தாங்கும்; தென்னை நிழலில் மட்டும் மெலியும். நடுமுன் மணலில் மாட்டெருவும் மக்கிய தும்புச் சோறும் கலந்தால் ஈரம் சற்றுத் தங்கும். ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். யூரியாவைக் கிணற்றடிக்குக் கொண்டுபோக வேண்டாம். கச்சானில் புல் மஞ்சளாகட்டும். நடுவதற்குத் தண்டு, வரம்பிலேயே கிடைக்கிறது.