குடிக்கூலியின் வரலாறு



வரலாறு என்றதும் கோட்டைகளும் போர்களும் முடிமன்னர்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் எளியது. ஆயினும் உங்களில் பலருடைய வாழ்க்கையை நேரே தொடுவது. படிப்பை முடித்து வேலை தேடி வெளியூர் செல்லும் இளைஞர் முதன்முதலில் கையெழுத்திடும் பத்திரம் பெரும்பாலும் வாடகைப் பத்திரமாகவே இருக்கும். வீட்டு வாடகையை முந்திய தலைமுறையினர் குடிக்கூலி என்று வழங்கினர். அக்குடிக்கூலிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை ஓசூரிலிருந்து தொடங்குவோம்.

ஓசூர் என்னும் பெயருக்குக் கன்னடத்தில் புதிய ஊர் என்பது பொருள். ஆனால் ஊரோ பழையது. சோழர் காலக் கல்வெட்டுகள் இதனைச் செவிடபாடி என்று குறிக்கின்றன. சந்திரசூடேசுவரர் மலையடியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இவ்வூர், 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது சென்னை மாநிலத்திலேயே நிலைத்தது. அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, சிறுவயதில் கல்விக்காக வந்து சேர்ந்த ஊரும் இதுவே. பிழைப்புக்கும் படிப்புக்கும் வெளியிலிருந்து வருவோரை ஏற்பது இவ்வூருக்குப் புதிதன்று.

எனினும், வருவோர் தொகை பெருகியது பிற்காலத்தில்தான். 1971-இல் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஓசூரில் தொழில் வளாகம் எழுந்தது. மொபெட்டும் லாரியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால், அங்கு வேலை பார்த்து இங்குக் குடியிருப்போரும் பலராயினர். 2001-இல் ஏறத்தாழ 84 ஆயிரமாக இருந்த நகர மக்கள்தொகை 2011-இல் 1,16,821 ஆயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது. ராகி விளைந்த நிலங்களில் வரிசை வீடுகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை என்ற சிறு வீடே இளந்தொழிலாளியின் முதற்குடித்தனம் ஆயிற்று.

ஊர் பெருகும் வேகத்தில் வீடு பெருகுவதில்லை. வாடகைச் சட்டங்களின் பிறப்புக்குக் காரணம் இதுவே. முதல் உலகப் போரின்போது ஸ்காத்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் படைக்கலத் தொழிலாளர் வந்து குவிந்தனர். வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். 1915-இல் மேரி பார்பர் முதலிய பெண்மணிகள் தலைமை தாங்க, உயர்த்திய வாடகையைத் தரமாட்டோம் என்று குடியிருப்போர் மறுத்து நின்றனர். அவ்வாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. நம் நாட்டில் 1918-இல் பம்பாயில் இத்தகைய சட்டம் வந்தது.

சென்னை மாகாணத்துக்கு இக்கட்டுப்பாட்டைக் கொணர்ந்ததும் போரே. 1941-இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. போர் முடிந்தும் நெருக்கடி முடியவில்லை. எனவே 1946-இலும் 1949-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன; அவற்றின் வழியில் 1960-ஆம் ஆண்டின் 18-ஆவது சட்டம் வந்தது. இது சென்னை நகரிலும் நகராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகையை அதிகாரி வரையறுக்கலாம். உரிய காரணமின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றலாகாது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்பன அதன் முக்கிய விதிகள்.

நோக்கம் நன்றே. ஆயினும் விளைவு முழுதும் நன்றாக அமையவில்லை. பல ஆண்டுகள் வாடகை உயராத வீடுகளை உடையவர்கள் பழுதுபார்க்காமல் விட்டனர். குடியிருப்பவரை எழுப்ப இயலாதென அஞ்சிப் பலர் வீட்டைப் பூட்டியே வைத்தனர். முன்பணம் பற்றிய விதியோ ஏட்டளவில் நின்றது. பெங்களூரைப் போலவே நம் நகரங்களிலும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வழக்கமாயிற்று. பதினோரு மாதப் பத்திரமும் இவ்வாறு வந்த வழக்கமே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஒரு மாதம் குறைத்தால் பதிவுச் செலவு மிச்சம்!

இங்கு ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகிறேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஓசூரில் வேலைக்கு அமர்ந்தார். தாயாரின் வளையல்களை அடகு வைத்து, பத்து மாத முன்பணம் கொடுத்து, ஒரு சிறு வீட்டில் குடியேறினார். மூன்றாண்டு கழித்துக் காலி செய்தபோது, வெள்ளையடித்தல், பழுதுபார்த்தல் என்று கணக்குச் சொல்லி முன்பணத்தில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டனர். "ஐயா, என்ன செய்யலாம்?" என்று என்னைக் காண வந்தார். பத்திரம் எங்கே என்றேன், எழுதவில்லை என்றார். ரசீது எங்கே என்றேன். கேட்கக் கூச்சமாக இருந்தது என்றார். அவருக்கு நான் பானிப்பட்டுப் போர்கள் மூன்றின் ஆண்டுகளையும் கற்பித்திருந்தேன். அவை இன்றும் அவருக்கு நினைவிருக்கின்றன. ஒரு ரசீதைக் கேட்டுப் பெறக் கற்பித்தேனில்லை. வளையல்கள் மீளவில்லை. அக்குறையில் எனக்கும் பங்குண்டு என்று கருதியே இன்று இப்பொருளைப் பேசுகிறேன்.

இப்பொழுது சட்டம் மாறியிருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம், 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. வாடகையை இருவரும் பேசி முடிவு செய்யலாம். ஆனால் உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். பதினோரு மாதமாயினும் வாடகை அதிகாரியிடம் பதிவாதல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வாடகைக்கு ரசீது தருதல் வேண்டும். பிணக்கு உண்டானாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது.

வீட்டுக்காரர் அனைவரும் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். ஓய்வுப் பணத்தில் மாடி எழுப்பி, அதன் வாடகையை நம்பி வாழ்வோர் எத்தனையோ பேர். உரிய நாளில் வாடகை வராவிடில் அவர் வீட்டிலும் அடுப்பு தயங்கும். தெளிவாக எழுதிய பத்திரம் இருவருக்குமே காவல்.

ஆகவே மாணவர்களே, நாளை நீங்கள் ஒரு வீட்டுக்குக் குடிபோகும்போது, சாவியைப் பெறுமுன் பத்திரத்தைப் படியுங்கள். சுவரின் விரிசலையும் குழாயின் பழுதையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள், கேட்பதில் இழிவில்லை. கிளாஸ்கோ முதல் சென்னை வரை பலர் போராடியும் ஆராய்ந்தும் அமைத்த சட்டம், கேட்பவருக்கே பயன்படும்.