பழைய நாடாவில் இருக்கும் பதிவுகளை மீட்க: டேப் ட்ரைவ் மறுத்தால் என்ன பார்க்க வேண்டும்?

1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. அன்றிலிருந்து இங்கேதான் இருந்தோம் என்று காட்டக் கடதாசி வேண்டியிருந்தது. பண்டாரவளைப் பக்கத்தில் நான் கணினி திருத்திக் கொடுத்துவந்த ஒரு சமூக நிலையம், தோட்டங்களின் பழைய செக்ரோல் பக்கங்களையும் பெயர்ப் பதிவுகளையும் அப்போது ஸ்கேன் செய்து, லினக்ஸ் கணினி ஒன்றிலிருந்து சிறிய டேட் நாடாக்களில் ஏற்றி வைத்தது. மூலக் கடதாசிகளில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. நாடாக்கள் மட்டும் மிச்சம்.

இப்போது அவற்றைத் தேடி வருபவர்களில் பலர் இங்கு வசிப்பவர்கள் அல்லர். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் ஊவாத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களின் பிள்ளைகள். அங்கே யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது இருந்த ஆவணங்களும் போயின. ஸ்கேன் பிரதி பிறப்புச் சான்றிதழ் ஆகாது. ஆனால் அப்பா பிறந்த திகதியும், பெயரை அன்று எப்படி எழுதினார்கள் என்பதும் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் தேட ஒரு பிடி கிடைக்கும். இதே நிலையில் நாடாக்களை வைத்திருக்கும் நிலையங்கள் வேறும் இருக்கலாம் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து.

எதையும் தொடுமுன் நாடாவை எழுத முடியாதபடி பூட்டுங்கள். டேட் நாடாவின் பின்விளிம்பில் சின்னத் தட்டு ஒன்று உண்டு. துளை திறந்திருந்தால் பூட்டியதாக அர்த்தம். அடுத்து, கணினிக்கு ட்ரைவ் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய ஸ்கசி ட்ரைவ் என்றால் அதற்கு முதலில் மின்சாரம் கொடுத்து, பிறகுதான் கணினியை இயக்க வேண்டும். வடத்தின் இரு முனையிலும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். 'டிமெசெக்' கட்டளையில் ட்ரைவின் பெயரே வரவில்லை என்றால் குற்றம் வடத்திலோ காட்டிலோதான், நாடாவில் அல்ல.

பெயர் வந்தால் 'எம்டி' கட்டளையில் 'ஸ்டேட்டஸ்' கேளுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸில் ஒரே ட்ரைவுக்கு 'எஸ்டி0', 'என்எஸ்டி0' என்று இரண்டு பெயர்கள் (டி என்பது டேப்பின் டி). முதலாவதைப் பயன்படுத்தினால் வேலை முடிந்ததும் நாடா தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். இரண்டாவது, நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு நாடாவில் நான்கு தொகுதிகள் இருக்க, முதல் தொகுதியையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டு மற்றவை அழிந்துவிட்டன என்று நினைப்பவர்கள் உண்டு. மீட்கும் வேலைக்கு எப்போதும் 'என்எஸ்டி0'. ஃப்ரீபிஎஸ்டியில் அதன் பெயர் 'என்எஸ்ஏ0'.

படிக்கும்போது 'கெனொட் அலொக்கேட் மெமரி' என்று வந்தால் ராம் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் கணினியின் நினைவகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாடாவில் எழுதிய கட்டங்கள், நீங்கள் கேட்கும் அளவைவிடப் பெரியவை என்பதுதான் பொருள். 'டார்' வழமையாக 10,240 பைட் கட்டங்களாகக் கேட்கும்; எழுதியவர் வேறு அளவு வைத்திருப்பார். 'எம்டி செட்பிஎல்கே 0' என்று கொடுத்துவிட்டு, 'டிடி' கட்டளையால் 256 கிலோபைட் அளவு வைத்து ஒரேயொரு கட்டத்தை ஒரு கோப்பாக எடுங்கள். அந்தக் கோப்பின் அளவுதான் உண்மையான கட்ட அளவு. 32,768 வந்தால் அதை 512ஆல் வகுத்து, 'டார்' கட்டளையில் 'பி' தெரிவுக்கு 64 என்று கொடுங்கள். நாடாவை மறுபடி தொடக்கத்துக்குச் சுற்ற மறக்க வேண்டாம். என்னிடம் 'செத்துப்போன' நாடாக்கள் என்று வந்தவற்றில் கணிசமானவை இப்படித்தான் உயிர்பெற்றன.

'இன்புட் அவுட்புட் எரர்' வேறு கதை. அப்போது 'டிமெசெக்' மீண்டும் உதவும். 'மீடியம் எரர்' என்றால் நாடா அல்லது அழுக்கான ஹெட். 'ஹார்ட்வெயார் எரர்' என்றால் ட்ரைவ். முதலில் துப்புரவு நாடா ஒன்றைப் போட்டு ஓடவிடுங்கள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியை உள்ளே விடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். டேட் ட்ரைவின் சுழலும் ஹெட் மேலும் கீழும் தேய்த்தால் உடைந்துவிடும். ஒரு நாடா ஒரு ட்ரைவில் படியாமல் இன்னொன்றில் படியலாம். ஹெட் சற்று விலகிய ட்ரைவில் எழுதிய நாடா அதே ட்ரைவில் மட்டும் படிவதும் உண்டு. அதனால் நாடாவை எழுதிய பழைய ட்ரைவைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

குளிரும் ஒரு காரணம். பண்டாரவளைக் குளிரில் கிடந்த நாடாவைக் கொழும்புக்குக் கொண்டுபோய் உடனே ட்ரைவில் போட்டால், அதன்மேல் ஈரம் படிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். இறுக மூடிய பையில் வைத்து, ஒரு நாள் கழித்தே திறக்க வேண்டும்.

படியத் தொடங்கியதும் ஒவ்வொரு கோப்பாகப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் 'டிடி'யால் முழுத் தொகுதியையும் அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள். பழைய நாடா இன்னொரு தடவை ஓடும் என்று நிச்சயமில்லை. 'ஜீஸிப்'பில் சுருக்கிய தொகுதியின் நடுவில் ஒரு கட்டம் கெட்டிருந்தால், அதற்குப் பின்னுள்ளவை பெரும்பாலும் கிடைக்காது. சுருக்காத 'டார்' என்றால் கெட்ட இடத்திலுள்ள கோப்புகள் மட்டுமே போகும்.

கடைசியாக, மீட்ட பட்டியலைத் திறந்ததும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று நின்றால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். யூனிகோட் பரவுமுன் நம்மில் பெரும்பாலானோர் பாமினி எழுத்துருவில் தட்டியவர்கள். அந்த எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள், அல்லது பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் ஒட்டுங்கள். தகப்பன் பெயர், தோட்டப் பிரிவு, லய இலக்கம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.