சிவப்பு அட்டைக்குள் ஒரு தேசம்

1830-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பினார் ஏனுகுல வீராசாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். பல்லக்கு, கூடாரம், ஏறக்குறைய நூறு பேர் கொண்ட பரிவாரம் என்று ஒரு சிறு ஊரே அவரோடு நகர்ந்தது. திருப்பதி, ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாகபுரி, பிரயாகை, காசி, கயை, கல்கத்தா, பூரி எல்லாம் பார்த்துவிட்டு வீடு திரும்ப 1831 செப்டம்பர் ஆகிவிட்டது. வழியில் கண்டதையெல்லாம் தெலுங்கில் எழுதிவைத்தார். அடுத்த ஊர் எவ்வளவு தூரம், சத்திரம் உண்டா, கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தகுமா, கடையில் அரிசி பருப்பு கிடைக்குமா, ஆற்றைக் கடக்க ஓடம் இருக்குமா என்பன போன்ற விவரங்களே அதில் மிகுதி. அவர் மறைந்த பின் நண்பர் கோமளேஸ்வரன்பேட்டை சீனிவாசப் பிள்ளை அதை 1838-இல் அச்சிட்டார். அதுதான் ‘காசியாத்திரை சரித்திரம்’.

அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1836-இல், லண்டனில் ஜான் மரே என்ற பதிப்பகத்தார் ஐரோப்பியப் பயணிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டிருந்தார்கள். சிவப்பு அட்டை, பைக்குள் அடங்கும் அளவு. ஜெர்மனியில் கார்ல் பேடெக்கர் அதே பாணியைப் பின்பற்றினார். அவருடைய அட்டையும் சிவப்புதான். பார்த்தே தீரவேண்டிய இடங்களுக்கு நட்சத்திரம் போடும் வழக்கம் பேடெக்கரால் உலகெங்கும் பரவியது. (அதற்கும் முன்னோடி ஒரு பெண். மரே நிறுவனத்துக்கு எழுதிய மரியானா ஸ்டார்க், இத்தாலிய ஓவியங்களின் தரத்தை ஆச்சரியக்குறிகளால் அளந்தவர். இந்தியாவைக் களமாக வைத்து நாடகமும் எழுதியிருக்கிறார்.)

மரே நிறுவனம் இந்தியாவுக்கு வந்தது 1859-இல். எழுதியவர் எட்வர்ட் பேக்ஹவுஸ் ஈஸ்ட்விக். ஹெய்லிபரி கல்லூரியில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்குப் போகும் இளைஞர்களுக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுத்தவர். கவிஞர் சாதியின் ‘குலிஸ்தான்’ நூலைப் பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். மூன்று மாகாணங்களையும் பற்றிய நூல் என்று தலைப்பு பெருமையாகச் சொன்னது. கைக்குக் கிடைத்ததோ சென்னையும் பம்பாயும் மட்டுமே. வங்காளத்துக்கான கையேடு வர 1882 ஆயிற்று; மறு ஆண்டே பஞ்சாப் கையேடு வந்தது, ஈஸ்ட்விக்கும் காலமானார்.

யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது: பயணிகளுக்கும், படை அதிகாரிகளுக்கும், சிவில் உத்தியோகஸ்தர்களுக்கும். உள்நாட்டு மொழிகளின் சொற்பட்டியலும் உரையாடல்களும் சேர்த்தே கொடுத்தார்கள். வழிகாட்டி நூலில் உரையாடல் பகுதி எப்போதுமே சுவாரசியமானது. ஒரு நாட்டாரிடம் வெளியூர்க்காரன் பேசவேண்டியது என்று எவற்றை நினைக்கிறானோ அவைதாம் அங்கே இருக்கும். வீராசாமிக்கு வழியில் எதிர்ப்பட்டவர்கள் தலப் புரோகிதர்களான பண்டாக்களும் வணிகர்களும் சத்திரத்துக்காரர்களும். இந்தக் கையேடுகளின் பயணிக்கு எதிர்ப்படுபவர்கள் பெரும்பாலும் பல்லக்குத் தூக்கிகள், சமையற்காரர்கள், சாமான் சுமப்பவர்கள்.

அந்நாளில் தங்குமிடம், பயணிகளுக்கான முசாபரி பங்களா. இருபத்து நான்கு மணி நேரம் ஒருவர் தங்கலாம். அதன்பின் வேறொருவர் வந்து நின்றால் இடம் விடவேண்டும். சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் கோழிதான். பயணியின் வண்டி வாசலில் நிற்கும்போது முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த அதே கோழி அரைமணி நேரத்தில் குழம்பில் கிடக்கும். ரயிலில் போனாலும் படுக்கையைப் பயணியே கொண்டுவரவேண்டும். பம்பாயில் இறங்கியதும் ஆங்கிலம் தெரிந்த ஒரு வேலைக்காரரை அமர்த்திக்கொள்வது அன்றைய வெள்ளைக்காரப் பயணியின் முதல் காரியம்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. மறு ஆண்டே பம்பாயும் கல்கத்தாவும் ரயில் பாதையால் இணைந்தன. உத்தியோகத்துக்காக வருபவர்களோடு, குளிர்காலத்தில் ஊர் பார்க்க வருபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கையேட்டின் அமைப்பை இனித் தீர்மானித்தது தண்டவாளம். இந்த நிலையத்திலிருந்து அந்த நிலையம் வரை ஒரு ‘வழி’, இடையில் இறங்கவேண்டிய ஊர்கள் என்று அத்தியாயங்கள் பிரிந்தன. பாதையோரமே அமைந்த சாஞ்சி ஸ்தூபி பயணிக்கு எளிதாகக் கிட்டியது. எட்டாத தூரத்திலிருந்த கஜுராஹோவைத் தேடிப் போனவர்கள் நெடுங்காலம் சிலரே. அந்த ஊருக்கு ரயில் வந்ததே 2008-இல்தான்.

ரயில் போகும் இடங்களிலும் எதைப் பார்ப்பது என்பதில் ஒரு கணக்கு இருந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் வந்த கையேடுகள் டெல்லியின் காஷ்மீர் வாசலையும் லக்னோ ரெசிடென்சியையும் கான்பூர் நினைவுக் கிணற்றையும் ஏறக்குறையப் புண்ணிய ஸ்தலங்களாகவே ஆக்கின. எந்தச் சுவரை எந்தக் குண்டு துளைத்தது, எந்தத் தளபதி எங்கே விழுந்தார் என்று அங்குலம் அங்குலமாக விவரிப்பார்கள். கான்பூர் கிணற்றைச் சுற்றியிருந்த தோட்டத்துக்குள் நெடுங்காலம் இந்தியர்கள் தாராளமாக நுழைய முடியவில்லை. அங்கே நின்ற பளிங்குத் தேவதைச் சிலையைச் சுதந்திரத்துக்குப் பின் ஒரு தேவாலய வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மரே கையேட்டின் பலம் வரைபடங்களும் தரைப்படங்களும். கண்ணுக்கு விருந்தாகும் படங்களை அதில் தேடக்கூடாது. அந்தக் குறையைத் தீர்த்தது 1890-இல் வந்த ‘பிக்சரெஸ்க் இந்தியா’. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். எழுதியவர் வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கெய்ன், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், தீவிர மதுவிலக்குக்காரர். இந்தியாவில் சாராய வருமானத்தை நம்பி நடக்கும் ஆட்சியைக் கண்டு கொதித்தவர், காங்கிரஸின் நண்பர். பின்னாளில் இந்திய அரசின் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷனில் தாதாபாய் நௌரோஜியோடு அமர்ந்தார். தாஜ்மகாலை ரசிக்கச் சொன்ன ஆளே ஆட்சியின் கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்திருக்கிறார். வழிகாட்டி நூல் எழுதியவர்களில் அப்படிப்பட்டவர்கள் அதிகம் இல்லை.

தெற்கே ரயில் கம்பெனியே இந்த வேலையில் இறங்கியது. தென்னிந்திய ரயில்வேக்கான படங்களோடு கூடிய வழிகாட்டியை 1900-இல் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டது. தஞ்சை, திருச்சி, மதுரை என்று ஒவ்வொரு நிலையமாக நகரும் நூல் அது. 1914-இல் பாம்பன் பாலம் வந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று கொழும்பும் அதே பயணத்தில் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டுதான் பேடெக்கரின் ‘இண்டியென்’ (இந்தியா) ஜெர்மன் மொழியில் வந்தது. ஆகஸ்டில் போர் மூண்டது. பிரிட்டிஷ் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க எந்த ஜெர்மானியர் வரமுடியும்?

மரே நிறுவனம் தன் மற்ற கையேடுகளில் பெரும்பாலானவற்றை 1901-இல் விற்றபோதும் இந்தியாவை விடவில்லை. அதன் தலைப்பு மாறிய வரிசையைப் பார்த்தாலே போதும், துணைக்கண்டத்தின் அரசியல் தெரிந்துவிடும். ‘இந்தியாவும் சிலோனும்’ என்று இருந்ததோடு பர்மா சேர்ந்தது. பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் தனிப்பெயராக ஏறியது. ரஷ்புரூக் வில்லியம்ஸ் பதிப்பித்த 22-ஆம் பதிப்பு 1975-இல் வந்தபோது தலைப்பில் வங்கதேசமும் நேபாளமும் இலங்கையும் இருந்தன. பர்மா காணாமல் போயிருந்தது.

அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1981-இல், லோன்லி பிளானட் நிறுவனத்தின் ‘இந்தியா’ வந்தது. டோனி வீலர், ஜெஃப் க்ரௌதர், பிரகாஷ் ராஜ் மூவரும் எழுதியது. சுமார் எழுநூறு பக்கம். முதுகில் ஒரு பையும் இடுப்பில் கொஞ்சம் பணமுமாக வந்திறங்கும் இளைஞர்கள்தான் வாசகர்கள். வேலைக்காரரும் தளபதியும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. மலிவான லாட்ஜ் எது, எந்தப் பஸ் எங்கே நிற்கும், எங்கே வயிறாரச் சாப்பிடலாம், எந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று தெரிந்தால் போதும். வீராசாமியின் பல்லக்கு சென்னைக்குத் திரும்பிச் சரியாக 150 ஆண்டுகள் ஆகியிருந்தன.