பெட்டிக்குள் ஒரு பள்ளத்தாக்கு

விஆர் ஹெட்செட் மாட்டிக்கிட்டு மலை, அருவி பார்க்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வந்த வியாதி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த வியாதி வந்து 160 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைய எபிசோடில் அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கதை நடப்பது கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில். ஆனால் தொடங்குவது லண்டனில்.

1838. நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஒரே காட்சியை இரண்டு கண்ணும் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. (ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்க, புரியும்.) அப்படியானால், சற்றே மாறுபட்ட இரண்டு தட்டைப் படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டினால் என்ன ஆகும்? சார்லஸ் வீட்ஸ்டோன் என்ற விஞ்ஞானி அதைச் செய்து காட்டினார். கருவியின் பெயர் ஸ்டீரியோஸ்கோப். அடுத்த வருஷமே புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிறகு டேவிட் ப்ரூஸ்டர் இரண்டு லென்ஸ் வைத்துக் கையடக்கமான பெட்டியாக ஆக்கினார். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் அது விக்டோரியா ராணிக்குப் பிடித்துப்போக, ஊரே அதன் பின்னால் ஓடியது.

இன்றைய ஹெட்செட்டைத் திறந்து பாருங்க. இரண்டு லென்ஸ், இரண்டு படம். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். அடிப்படை அதேதான்.

இந்த மோகத்தைக் கூர்மையாகப் புரிந்துகொண்டவர் பாஸ்டனைச் சேர்ந்த டாக்டர் ஆலிவர் வென்டல் ஹோம்ஸ். மலிவான ஒரு ஸ்டீரியோஸ்கோப்பை அவரே வடிவமைத்தார், காப்புரிமைகூட வாங்கவில்லை. 1859-இல் 'அட்லாண்டிக்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இனி ஒரு பொருளின் உருவம் அந்தப் பொருளை விட்டுத் தனியாகப் பிரிந்துவிட்டது என்கிறார். பார்க்கத் தகுந்த ஒன்றைச் சில நெகட்டிவ்களில் பிடித்துவிட்டால், அப்புறம் அதை இடித்தாலும் எரித்தாலும் பரவாயில்லையாம். தோலுக்காக மட்டும் மாட்டை வேட்டையாடிவிட்டு உடலை அப்படியே போட்டுவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி மனிதர்கள் இனி உலகத்தின் தோலை மட்டும் உரித்துக்கொள்வார்கள் என்கிறார். பாதி விளையாட்டாகத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். ஆனால் முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1861-இல், கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் கோவேறு கழுதைகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு யோசெமிட்டிக்குள் போனார். 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளுக்கான ராட்சத கேமரா ஒன்று, ஸ்டீரியோ கேமரா ஒன்று. ஒவ்வொரு தகட்டுக்கும் அங்கேயே ரசாயனம் பூசி, காய்வதற்குள் படமெடுத்து, கூடாரத்துக்குள்ளேயே கழுவ வேண்டும். அந்தப் படங்கள் 1862 கடைசியில் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தன. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். பத்திரிகைகளில் சாவு எண்ணிக்கை. இங்கே அமைதியான பாறைகள், அசையாத நீர்.

1864 ஜூன் 30-ஆம் தேதி, யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்காக நிரந்தரமாகப் பாதுகாக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். லிங்கன் யோசெமிட்டியை என்ன, கலிஃபோர்னியாவையே நேரில் பார்த்ததில்லை. வாஷிங்டனில் அந்த இடத்தைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது படத்தில் பார்த்த யோசெமிட்டிதான். ஆக, திரையில் பார்க்கிற இயற்கை நம்மை நிஜ இயற்கையிலிருந்து பிரிக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இங்கே அது ஒரு பள்ளத்தாக்கைக் காப்பாற்றக் கைகொடுத்திருக்கிறது.

சரி, அந்தப் படங்களில் என்ன இல்லை?

பள்ளத்தாக்கின் சொந்த மக்கள். வாட்கின்ஸின் புகழ்பெற்ற படங்களைப் பார்த்தால், மனிதக் கால் படாத இடம் என்றே தோன்றும். அங்கே அவாநீச்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். தங்க வேட்டைக்கு வந்தவர்களோடு மோதல் முற்றி, 1851-இல் மரிப்போசா படையணி உள்ளே நுழைந்தது. குடியிருப்புகளையும், அவர்களது முக்கிய உணவான ஓக் கொட்டைச் சேமிப்பையும் எரித்து, மக்களை வெளியேற்றியது. பிடிபட்ட தலைவர் தெனாயாவிடம் படையணியின் டாக்டர், "இந்த ஏரிக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறோம்" என்று பெருமையாகச் சொன்னாராம். அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்றாராம் தெனாயா. இதை எழுதி வைத்திருப்பவர் அந்த டாக்டரேதான்.

இன்னொன்று. படத்தில் அவ்வளவு அழகாகத் திறந்து கிடக்கும் அந்தப் புல்வெளிகள் தானாக உருவானவை அல்ல. அவாநீச்சி மக்கள் அளவாகத் தீ வைத்துப் பராமரித்தவை. அவர்கள் போய், தீயும் நின்ற பிறகு, ஊசியிலை மரங்கள் புல்வெளிக்குள் புகுந்துவிட்டன. 'தொடப்படாத இயற்கை' என்று உலகம் ரசித்தது, ஆட்கள் உழைத்து உண்டாக்கிய ஒன்றை. கொஞ்சம் பேர் திரும்பி வந்து வாழத்தான் செய்தார்கள். பள்ளத்தாக்கில் மிஞ்சியிருந்த அவர்களது கடைசிக் குடியிருப்பும் 1969-இல் அழிக்கப்பட்டது. அப்போது அது தேசியப் பூங்கா.

நானே ஹெட்செட்டில் எல் கேபிடன் பாறையின் விளிம்பில் நின்றிருக்கிறேன். 900 மீட்டர் பள்ளம். ஹால் தரையில்தான் நிற்கிறேன் என்று தெரிந்தும் முழங்கால் நடுங்கியது. அது பொய்யான அனுபவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உடம்பு வேறு கணக்குப் போடுகிறது போல. 2008-இல் பீட்டர் கான் குழுவினர் 90 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிலருக்கு மரம், நீர் தெரியும் கண்ணாடி ஜன்னல். சிலருக்கு அதே காட்சியை நேரலையில் காட்டும் பெரிய திரை. சிலருக்கு வெறும் சுவர். லேசான பதற்றத்துக்குப் பிறகு இதயத் துடிப்பு எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்று பார்த்தார்கள். ஜன்னல் பக்கம் இருந்தவர்களுக்குச் சீக்கிரம் தணிந்தது. திரைக்கும் வெறும் சுவருக்கும் வித்தியாசமே இல்லை! அது தட்டைத் திரை, விஆர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹோம்ஸ் சொன்ன தோல் கதைக்கு வருவோம். யோசெமிட்டி பூங்காவுக்குள்ளேயே ஹெட்ச் ஹெட்சி என்று இன்னொரு பள்ளத்தாக்கு உண்டு. நேரில் பார்த்தவர்கள் இதை யோசெமிட்டியின் தங்கை என்கிற மாதிரி வர்ணித்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் அங்கே அணை கட்ட விரும்பியது. 1912-இல் பொறியாளர் ஜான் ஃப்ரீமன் ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் இருந்த படங்களைத்தான் கவனிக்கணும்: புகைப்படத்தில் கைவேலை செய்து, இன்னும் கட்டாத அணையின் ஏரியில் மலைகள் பிரதிபலிப்பதுபோல் காட்டியிருந்தார்கள். பள்ளத்தாக்கை மூழ்கடித்தால் அழகு கூடும் என்பது வாதம். ஜான் மியூர் கடைசிவரை எதிர்த்தார். 1913-இல் சட்டம் நிறைவேறியது. மறு வருஷம் மியூர் இறந்தார். 1923-இல் அணை முடிந்தது.

அந்தப் பள்ளத்தாக்கின் பழைய புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். அதன் மேல் தேங்கிய தண்ணீர் குழாய் வழியாகச் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் போகிறது. அந்த ஊர்களில் ஒன்று மென்லோ பார்க். குவெஸ்ட் ஹெட்செட் செய்யும் மெட்டா நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது.